உங்களுக்குத் தெரியுமா? குலுக்கினால்தான் குறை தெரியும்!

டிரவுட் மீன் முட்டையை தொடக்க வாரங்களில் அசைத்தால் உள்ளிருக்கும் கரு செத்துவிடக்கூடும். ஆனால் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரிந்த பிறகு, பொரிப்பகத்தில் அதை வேண்டுமென்றே குலுக்குகிறார்கள்!

● ஏன் குலுக்க வேண்டும்? கருவுறாத முட்டை அந்த அதிர்ச்சியில் பால்போல் வெளுத்துவிடும். கருவுள்ள முட்டைக்கு ஒன்றும் ஆகாது. வெளுத்ததை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம்.

● விட்டுவைத்தால்? வெளுத்த முட்டையில் பஞ்சுபோல் பூஞ்சை படரும். பக்கத்தில் உள்ள நல்ல முட்டைகளையும் சுற்றி, மூச்சுமுட்டச் செய்து கொன்றுவிடும்.

● வெயில் ஆகாது: நேரடி வெயில் பட்டாலும் கரு இறக்கும். அதனால் முட்டைகள் உள்ள தட்டுகளை மூடியே வைப்பார்கள்.

● எத்தனை நாள்? 10 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் வானவில் டிரவுட் பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

● நம் ஊரில்: நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் ஹெச்.சி. வில்சன்.

மீன் முட்டை பொரிப்பவர்கள் கவனத்துக்கு: கண் தெரியும்வரை கை வைக்காதீர்கள், தெரிந்தபின் வெளுத்த முட்டையை ஒருநாள்கூட விட்டுவைக்காதீர்கள்.