முட்டைக்குள் வரும் முற்றம்

முட்டையிட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆன நாட்டுக்கோழி ஒன்றைப் பிடித்து அதன் காலைப் பாருங்கள். விடைக்கோழியாகத் திரிந்தபோது மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருந்த கால், இப்போது வெளிறிக் கிடக்கும். இது நோயல்ல. அந்த மஞ்சள் நிறமி முட்டையின் கருவுக்குப் போய்விட்டது. முட்டையிடுவதை நிறுத்தி அடையில் உட்கார்ந்தால், சில வாரங்களில் நிறம் மெல்லக் காலுக்குத் திரும்பும்.

அந்த நிறமியின் பெயர் கரோட்டினாய்டு. கோழியின் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. கீரை, புல், மஞ்சள் சோளம் என்று தின்றதிலிருந்து எடுத்துச் சேர்த்துவைக்கிறது. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை, தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால், மஞ்சள் காலுக்கான மரபணு அதனிடமிருந்து வரவில்லை என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2008இல் காட்டியது. அதைக் கொடுத்தது சாம்பல் காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் விடியலில் கூவும் அதே பறவைதான்.

வீட்டில் கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் காலைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். கோழி நம் முற்றத்தைக் கொத்தி, கிளறி, விழுங்கி, அதையே முட்டையாகத் தருகிறது. வளர்ப்பதன் நன்மை, தீமை இரண்டும் அங்கேயே தொடங்குகின்றன.

என் அப்பத்தா குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடுவார். உடைந்த பானை ஒன்றில் கிழிந்த கோணித் துண்டு, காய்ந்த சாணி, வைக்கோல் எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார். காலையில் பானையைத் தூக்கித் தட்டினால் வெள்ளை வெள்ளையாய்க் கொட்டும். பஞ்சாரத்தைத் திறந்ததும் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். காசு செலவில்லாமல் கிடைத்த முதல்தரமான புரதம் அது. மிச்சச் சோறு, காய்த்தோல், கீரைத்தண்டு, உதிர்ந்த தானியம் எல்லாம் இப்படித்தான் முட்டையாகவும், மட்கவைத்தால் நல்ல எருவாகவும் மாறின. ஒன்றை மட்டும் அவர் போடமாட்டார். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அதில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும், அது கோழியின் ஈரலைக் கெடுக்கும் என்பதை நான் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பத்தாவின் முற்றத்து மண்ணில் நஞ்சு இல்லை. நகரத்து மண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த கோழிகளின் முட்டைகளை மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்தது. பழைய வீடுகளின் சுவரிலிருந்து உதிர்ந்த பெயின்ட், ஈயம் கலந்த பெட்ரோல் விட்ட புகை எல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மண்ணிலேயே கிடந்தன. நாம் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டதே 2000இல்தான். ஆகவே சாலையோரம், பழைய பேட்டரி பிரித்த இடம், பெயின்ட் சுரண்டிக் கொட்டிய மூலை, குப்பை எரித்த சாம்பல்மேடு ஆகியவற்றில் கோழியை மேயவிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் அந்த முட்டையை முதலில் ஊட்டுவது குழந்தைக்குத்தான். வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது.

ஈயம் கோழிக்குள் தங்குவதற்கும் காரணம் உண்டு. கோழியின் உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒரு முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரமாகும். அதில் பெரும்பகுதி, கோழி தின்னாமல் உறங்கும் இரவில் நடக்கிறது. சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். இரை கொடுத்தது போதாவிட்டால் எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும். அப்போது கால்சியத்தோடு சேர்ந்து ஈயமும் வெளியே வரும். சாயங்காலம் அடைவதற்கு முன் கொஞ்சம் கிளிஞ்சல் தூள் வைப்பது அதனால்தான் நல்லது.

முட்டைக் கணக்குப் போட்டு வளர்க்க வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நாட்டுக்கோழி 60, 80 இட்டாலே பெரிது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி, கூட்டின் கதகதப்பு வயிற்றில் படப்பட அது தணியாமல் நிற்கும். அடை தெளியவைக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாத கொடுமை. அடியில் காற்று புகும் கம்பிக் கூண்டில் சில நாள் தனியே வைத்தால் போதும், வயிறு குளிர்ந்து தானாகத் தெளியும். சாப்பாட்டு முட்டைக்குச் சேவலே தேவையில்லை. பக்கத்து வீட்டாரோடு சண்டை வராமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சேவல் விடியலைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை. வெளிச்சம் மாறாத அறையில் வைத்தாலும் தன் உடல்கடிகாரப்படி கூவுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் நிரூபித்தார்கள். கூண்டை மூடி வைத்து அதன் வாயை அடைக்க முடியாது.

இனி, என் வீட்டில் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சந்தையில் ஒரு சிறுவிடைக் கோழியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, நேராக மற்றவற்றோடு விட்டேன். எங்கள் பழைய கோழிகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கொத்தின. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசையே உண்டு. நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921இல் அதை ஆய்வேடாக எழுதினார். நானும் அந்தக் கொத்தலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கவனித்திருக்க வேண்டியது எச்சத்தை.

ஐந்தாம் நாள் புதுக்கோழி இறக்கை தொங்கி நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அடுத்த நாள் எங்கள் கறுப்புப் பெட்டை ஒன்று, கழுத்து முறுகி, தலை முதுகுப் பக்கம் திரும்பியபடி, நடக்க முயன்று நடக்க முயன்று விழுந்தது. நான்கு நாளில் எட்டுக் கோழி போயிற்று. கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “புதுசா கோழி ஏதும் வாங்கி விட்டீங்களா?”

கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றெல்லாம் சொல்வது இந்த நோயைத்தான். ராணிக்கெட் என்பது உத்தராகண்டின் மலையூரான ராணிக்கேத்தின் பெயர். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் உலகம் அதை அந்தப் பெயரால் அழைக்கிறது. வைரஸ் நோய், வந்துவிட்டால் மருந்தில்லை. எச்சம், இரைத்தட்டு, நம் செருப்பு என எதில் ஏறியும் வரும். புதுக்கோழியை 21 நாள் தனியே வைத்திருந்தால் என் எட்டும் பிழைத்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

பறவைக்காய்ச்சல் செய்தி வரும்போது கோழியைத் திறந்துவிடாமல் அடைத்து வைப்பதும், கூட்டமாகச் செத்தால் அறுத்துத் தின்னாமல் உடனே கால்நடைத்துறைக்குத் தெரிவிப்பதும் நம் கடமை. நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தம் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைக்க வேண்டும். முட்டையையோ கழுவி எடுத்துவைக்க வேண்டாம். ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது, கழுவினால் அது போய்விடும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இப்போது மறுபடியும் ஆறு கோழிகள் இருக்கின்றன. பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை நாங்கள் தவறவிடுவதில்லை. குஞ்சுகளுக்கோ முகாமுக்குக் காத்திருக்க முடியாது, ஏழாம் நாளே சொட்டு மருந்து. பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில் மருந்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் ஏந்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு படபடக்கும். சொட்டு விழுந்தவுடன் இறக்கிவிடக் கூடாது. குஞ்சு கண்ணை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் மருந்து உள்ளே போய்விட்டது, கீழே விடலாம்.