பெயரன்

மகனுக்குப் பிறந்த ஆண் குழந்தையையும் மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தையையும் நாம் பேரன் என்கிறோம். பெண் குழந்தையாயின் பேத்தி என்கிறோம். நாள்தோறும் வழங்கும் இச்சொற்களின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பேரன் என்பது பெயரன் என்னும் சொல்லின் திரிபு. பேத்தி என்பது பெயர்த்தி என்பதன் திரிபு. பெயரன் என்றால் பெயரை உடையவன் என்பது பொருள். யாருடைய பெயரை? தன் பாட்டனுடைய பெயரை. கலித்தொகையிலேயே இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டிருத்தலைக் காண்கிறோம். ஒரு வழக்கம் உறவுமுறைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது என்றால், அஃது எத்துணைப் பழமையும் உறுதியும் உடையதாய் இருந்திருத்தல் வேண்டும்!

இவ்வழக்கத்தின் பயனை அறிய, நாம் பெயர் எழுதும் முறையை நோக்குதல் வேண்டும். மேலைநாட்டார் பலர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்று உண்டு. அது தலைமுறைதோறும் மாறாமல் தொடர்ந்து வரும். தமிழருள் பெரும்பாலோர்க்கு அவ்வாறு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் பெயருக்கு முன் நிற்கிறது. முருகேசன் என்பவருடைய மகன் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். அவர் மு. கந்தசாமி எனக் கையெழுத்திடுவார். கந்தசாமியின் மக்கள் பெயருக்கு முன் நிற்பது ‘க’ என்னும் எழுத்தே. ஆகவே முருகேசன் என்னும் பெயர் மூன்றாம் தலைமுறையில் மறைந்துபோதல் கூடும். அவ்வாறு மறையாதவாறு, கந்தசாமி தம் மகனுக்கு முருகேசன் என்றே பெயரிடுகிறார்; அவன் க. முருகேசன் ஆகிறான். நடப்பவனுடைய இரு கால்களும் மாறி மாறி முன் வருதல் போல, இரு பெயர்கள் ஒரு குடும்பத்தில் மாறி மாறி வருகின்றன.

அரச குடும்பங்களிலும் இம்முறையைக் காணலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைவித்த பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன்; அவன் மகன் மாமல்லன் எனப் புகழ் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன்; நரசிம்மன் மகனோ இரண்டாம் மகேந்திரவர்மன். சோழர் குலத்தில், முதலாம் இராசராசனுடைய தந்தையாகிய சுந்தர சோழன், தன் பாட்டனாகிய பராந்தகன் பெயரையும் தாங்கி இரண்டாம் பராந்தகன் எனப்பட்டான்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. சந்திரசேகர ஐயர் என்பவர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். அவருடைய மக்களுள் ஒருவரே 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். அப்பெயரின் முதலில் நிற்கும் எழுத்துச் சந்திரசேகரர் என்னும் தந்தை பெயரைக் குறிப்பது. இராமனுடைய தமையனார் சுப்பிரமணியன், 1910-ஆம் ஆண்டில் தமக்குப் பிறந்த முதல் ஆண்மகவுக்குத் தம் தந்தையின் பெயரைச் சூட்டினார். அம்மகவே விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து, 1983-ஆம் ஆண்டில் தாமும் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர். நண்பர்கள் அவரைச் ‘சந்திரா’ என்று அழைத்தனர். அவர் மறைந்த நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1999-ஆம் ஆண்டில், அமெரிக்கர் விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் ‘சந்திரா’ என்னும் பெயர் இடப்பட்டது. வகுப்பறையில் பாடம் சொல்லிய ஓர் ஆசிரியரின் பெயர், பெயரன் வழியாக வானளாவச் சென்றது வியப்பன்றோ?

பாட்டன் பெயரை இடுதல் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரிடையேயும் முதல் மகனுக்குத் தந்தையைப் பெற்றவர் பெயரை இடும் மரபு உண்டு. யூதருள் அஷ்கனாசியர் எனப்படுவோர் உயிரோடு இருப்பவர் பெயரை இடாமல், மறைந்த உறவினர் பெயரையே இடுவர். முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே. அது முன்னோரை மறவாமை.

நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதல் மகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயரும், அடுத்த மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயரும் இடுவது வழக்கம். பெண் மக்களுக்குப் பாட்டியர் பெயரை இவ்வாறே இடுவர். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லுதல் தகாது எனக் கருதிய காலத்தில், அப்பெயர் பெற்ற தன் குழந்தையை அவள் எவ்வாறு அழைப்பாள்? எவ்வாறு கடிந்துகொள்வாள்? ஆதலால் ‘ஐயா’ என்றும் ‘இராசா’ என்றும் அழைத்தாள். பாட்டி பெயர் கொண்ட பெண்ணை ‘ஆத்தா’ என்றாள். இன்றும் நம் வீடுகளில் சிறு குழந்தையை ‘ஐயா’ என்று அழைப்பதைக் கேட்கிறோம்.

பாட்டியர் பெயரைப் பற்றித் தனியே எண்ணுதல் வேண்டும். தந்தை பெயராவது மக்கள் பெயருக்கு முன் ஓர் எழுத்தாக நிற்கிறது. தாயின் பெயருக்குப் பெரும்பாலும் அவ்விடமும் கிடைப்பதில்லை. வயலில் களை பறித்தும், அடுப்படியில் கண் கலங்கியும் குடும்பத்தைக் காத்த ஒருத்தியின் பெயர் நிலைப்பது, பெயர்த்தி ஒருத்தி அதனை ஏற்றால்தான். ஆயினும் பேச்சியம்மாள், மாடத்தி, அங்கம்மாள் முதலிய பெயர்களைச் சிலர் நாகரிகமற்றவை என எள்ளுகின்றனர். அவ்வெள்ளலுக்கு அஞ்சித் தன் பெயரை மெல்லச் சொல்லும் மாணவி ஒருத்தி எந்த வகுப்பிலும் இருத்தல் கூடும். அவள் தாங்கியிருப்பது ஒரு பெயர் மட்டுமன்று. ஒரு வாழ்வின் நினைவு. அதனை எள்ளுவோர் தம் பாட்டியையே எள்ளுவோர் ஆவர்.

முன்னோர் பெயரை அப்படியே இட விரும்பாதோர்க்கும் வழி உண்டு. பெயரின் ஒரு பகுதியைக் கொள்ளலாம். பொன்னம்மாளின் பெயர்த்தி பொன்மொழி ஆகலாம். வேலாயுதத்தின் பெயரன் கதிர்வேலன் ஆகலாம். பொருளைப் போற்றிச் சொல்லை மாற்றலாம். கமலம் என்பாரின் பெயர்த்திக்குத் தாமரை என்னும் பெயர் பொருந்தும். எவ்வாறாயினும், இரு வீட்டாரும் கலந்து பேசித் தேர்தல் நன்று. முன்னோரைப் போற்றுதற்கு இடும் பெயரே உள்ள உறவினரைப் பிரிக்குமாயின், அதனால் முன்னோர்க்குப் பெருமை இல்லை.

மாணவர்களே! பெயரை இட்டவர் பெற்றோர். அதனைப் பொருளுடையதாக்க வேண்டியவர் நீவிர். இன்று வீடு திரும்பியதும், உங்கள் பெயர் யாருடைய பெயர் என்று பெரியோரிடம் கேளுங்கள். அவர் எவ்வூரினர், என்ன தொழில் செய்தார், எத்துன்பத்தைத் தாங்கினார் என்பவற்றை அறிந்து எழுதி வையுங்கள். வரலாறு தெரியாத பெயர் வெறும் ஒலி. வரலாறு தெரிந்த பெயரே முன்னோர் விட்டுச் சென்ற செல்வம்.