கல்விக்குத் துணையாகும் செய்தியோடை

இணையத்தில் கல்விச் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வுக் கட்டுரைகளும் ஒலிவடிவப் பாடங்களும் நாள்தோறும் குவிந்த வண்ணம் உள்ளன. பஞ்சமெல்லாம் மாணவரின் கவனத்திற்குத்தான். ஒரு பாடத்தைத் தேடிக் கைப்பேசியைத் திறக்கும் பிள்ளை, அரை மணி நேரம் கழிந்தபின் தேடி வந்ததையே மறந்து வேறெதிலோ மூழ்கிக் கிடப்பதைப் பெற்றோர் பலரும் அறிவர். பிள்ளையை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. சமூக ஊடகங்களில் அடுத்து எதைக் காட்டுவதென்று தீர்மானிப்பது அந்நிறுவனங்கள் எழுதி வைத்த கணக்கு. பார்ப்பவரை எழுந்து போகவிடாமல் இருத்தி வைப்பதிலேயே அவற்றின் விளம்பர வருவாய் அடங்கியுள்ளது.

தேர்ந்தெடுக்கும் உரிமையைப் படிப்பவரிடமே ஒப்படைக்கும் எளிய கருவி ஒன்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. அதுவே செய்தியோடை.

ஓடை என்பது யாது?

ஓர் இணையதளம், தன்னிடம் புதிதாக வெளியானவற்றின் தலைப்பு, முகவரி, சுருக்கம், நாள் ஆகியவற்றைக் கணினி படிக்கத்தக்க பட்டியலாக எழுதி வைக்கிறது. அப்பட்டியலே ஓடை. விரும்பும் தளங்களின் ஓடை முகவரிகளைத் 'திரட்டி' எனும் மென்பொருளில் ஒருமுறை பதிந்தால் போதும். அது அவ்வப்போது அத்தளங்களுக்குச் சென்று, புதியன உளவா எனப் பார்த்து, அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடும். சந்தா கட்டிய வீட்டிற்கு மாத இதழ் வந்து சேர்வதைப் போன்றது இது. பெரும்பாலும் கட்டணமில்லை, அந்தந்தத் தளத்தாரிடம் நம் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுக்க வேண்டுவதுமில்லை.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இம்முறை உருவாயிற்று. உருவாக்கியோருள் ஒருவரான ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். ஆங்கிலத்தில் இதனை 'ஆர்.எஸ்.எஸ்.' என்பர். இம்மூன்றெழுத்தைக் கண்டு நம்மவர் வேறெதையும் எண்ண வேண்டா. 'மிக எளிய பகிர்வு' என்பதே அதன் பொருள். 2005ஆம் ஆண்டில் 'ஆட்டம்' எனும் மற்றொரு வடிவமும் இணையத் தர நெறியாக வெளியாயிற்று. திரட்டிகள் பொதுவாக இரண்டையும் படிக்க வல்லவை.

மாணவர்க்கு என்ன பயன்?

மருத்துவம் பயிலும் மகள் நீரிழிவு நோய் குறித்த ஆய்வுகளைத் தொடர விரும்புகிறாள் எனக் கொள்வோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் அப்பொருளைத் தேடி, அத்தேடலையே ஓடையாக்கிக்கொள்ளலாம். புதிய கட்டுரை பதிவாகும்போது அதன் தலைப்பு அவளது திரட்டிக்கு வந்து சேரும். கணிதமும் இயற்பியலும் பயில்வோர்க்கு ஆர்க்சைவ் தளம் துறைவாரியாக ஓடைகள் தருகிறது. பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர்கள் பரவியதும் இதே ஓடையின் வழியாகவே.

பள்ளி ஆசிரியராயினும் மதரஸா உஸ்தாதாயினும், தாம் தேர்ந்த தளங்களின் ஓடை முகவரிகளை ஒரே கோப்பாக்கி மாணவர் அனைவருக்கும் வழங்கலாம். அம்மாணவர்கள் அதனைத் தத்தம் திரட்டியில் ஏற்றிக்கொண்டால், ஆசிரியரின் தேர்வு வகுப்பு முழுவதற்கும் பயன்படும்.

கவனிக்க வேண்டியவை

ஓடை செய்தியைக் கொண்டுவருமேயன்றி, அதன் மெய்மையைச் சோதித்துத் தராது. எத்தளத்தை நம்புவது என்பதை ஆசிரியரும் பெற்றோரும்தாம் கற்பிக்க வேண்டும். எல்லாத் தளங்களும் ஓடை தருவதுமில்லை. சில தளங்கள் தலைப்பை மட்டுமே தருகின்றன. மேலும், 2005இல் தொடங்கிப் பெருவழக்குப் பெற்ற கூகிள் ரீடர் எனும் திரட்டி 2013 ஜூலையில் மூடப்பட்டது. தம் முகவரிப் பட்டியலைத் தனிக் கோப்பாகச் சேமித்திருந்தோர் வேறு திரட்டிக்கு எளிதில் மாறிக்கொண்டனர். நாமும் அவ்வாறு ஒரு நகலை வைத்திருத்தல் நலம்.

தொடக்கத்தில் ஐந்து தளங்கள் போதும். ஃபீட்லி போன்ற இணையத் திரட்டியிலோ, கணினியில் தண்டர்பேர்ட் மென்பொருளிலோ அவற்றைப் பதியலாம். ஒரு மாதம் படித்துப் பார்த்து, பயனற்றதை நீக்கிப் புதியதைச் சேர்க்கலாம். ஓடையில் அன்றைய புதியவை தீர்ந்ததும் படிப்பும் முடிந்துவிடும். அதன்பின் பிள்ளை கைப்பேசியை வைத்துவிட்டுப் பாடநூலை எடுப்பதற்கு இடமிருக்கும்.