எல்லாப் புண்ணும் சேற்றுப்புண் அல்ல

காவிரிப் படுகையில் நடவுக் காலம் வந்தால் சேற்றுப்புண்ணும் கூடவே வரும். விரல் இடுக்கு அரிக்கும், தோல் வெளுத்து உரியும். சில நாள் ஈரம் படாமல் வைத்திருந்து மருந்து போட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். வரப்பில் பட்ட கீறல், அரிவாள் வெட்டு, முள் குத்து என்று கால் புண்ணுக்கு இங்கே காரணத்துக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் எந்தப் புண்ணைப் பார்த்தாலும், "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? மஞ்சளை வச்சுக் கட்டு, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிடுகிறோம்.

அரிதாக ஒரு வகைப் புண் உண்டு. அதைச் சுரண்டினால், வெட்டினால் சிறிதாவதற்குப் பதில் பெரிதாகலாம். அதன் பெயர் பயோடெர்மா கேங்ரினோசம்.

பெயர்தான் பயமுறுத்துகிறது

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1930இல் வைத்த பெயர் இது. சீழ் பிடித்து அழுகும் தோல் என்று பொருள். கிருமியே காரணம் என அன்று நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இது கிருமித் தொற்றும் அல்ல, அழுகலும் அல்ல. எனவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை.

கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு நியூட்ரோபில் என்று பெயர். இந்த நோயில், கிருமி இல்லாத இடத்திலேயே அவை தோலுக்குள் குவிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. வெளிநாட்டுக் கணக்குகளின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 3 முதல் 10 பேருக்கு இது வருகிறது.

இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உடலில் வேறொரு நோயும் இருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் போன்ற குடல் அழற்சி நோய்கள், முடக்குவாதம், சில ரத்த நோய்கள் ஆகியவை அதில் முக்கியமானவை. முடக்குவாதத்தில் நம் உடலின் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குகிறது. காலையில் விரல் மடங்காமல் இருப்பதும், ரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு போவதும் கால் புண்ணோடு தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் மருத்துவருக்கு அவை முக்கியமான துப்பு.

எப்படி இருக்கும்?

• பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, சிறு கொப்புளமாகவோ சிவந்த கட்டியாகவோ தொடங்கும்.
• சில நாட்களிலேயே உடைந்து வேகமாகப் பரவும்.
• ஓரம் கருநீலமாக, உள்பக்கம் குடைந்ததுபோல் இருக்கும்.
• புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி இருக்கும்.
• ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையாது.

இவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு, தோலில் சிறு காயம் பட்டாலும் அந்த இடத்தில் புதுப் புண் வரும் அல்லது இருக்கும் புண் பெரிதாகும். ஊரில் யாரோ பிளேடால் கீறிவிடுவதும், புகையிலைத் தூள், சாணம் வைத்துக் கட்டுவதும் அதனால்தான் ஆபத்து.

அதற்காக, சுத்தம் செய்யவே கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை நோயால் வந்த புண்ணில் செத்த சதையை அகற்றுவது அவசியமாகலாம். எந்தப் புண் எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். இதைக் காட்டித்தரும் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு, காசநோய், தொழுநோய், புற்றுநோய் ஆகியவை இல்லை என்று பார்த்த பிறகே மருத்துவர் முடிவுக்கு வருவார். அதற்காகப் புண்ணின் ஓரத்தில் சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் என்று முடிவு செய்யப்பட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு உண்மையில் வேறு நோய் இருந்தது தெரியவந்தது.

சிகிச்சை உண்டு

எதிர்ப்பு சக்தியின் வேகத்தைத் தணிக்கும் பிரெட்னிசலோன், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. பிரிட்டனில் 121 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இரண்டு மருந்திலும் ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புண் ஆறியது. ஆகவே பொறுமை வேண்டும். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து. அதை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். கிருமித் தொற்று இருந்தால் அது முற்றிவிடும். தொடங்கிய மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

உங்கள் போன் இங்கே உதவும்

• இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரே தூரத்தில், பகல் வெளிச்சத்தில் புண்ணைப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், புண்ணில் படக்கூடாது. எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியும்.
• பழைய மருந்துச் சீட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
• சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். ஆனால் பெரிதாகிக்கொண்டே போகும் புண்ணுக்கு நேரில் காட்டுவதே சரி.
• முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அருகில் உள்ளதன் தோல் நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தச் சிகிச்சை திட்டத்தில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேளுங்கள்.
• குளிர் காய்ச்சல் வந்தாலோ, புண் மளமளவெனக் கறுத்தாலோ, நோயாளி மயங்கினாலோ உடனே 108.

புண்ணோடு மருத்துவர் முன் உட்காரும்போது, "எனக்கு மூட்டு வலி இருக்கு", "மலத்துல ரத்தம் போகுது" என்பதைக் கேட்காமலேயே சொல்லுங்கள். வேறு ஆபரேஷனுக்குப் போனாலும், இந்த நோய் இருந்ததை முன்கூட்டியே தெரிவியுங்கள். புண் ஆறும்வரை அந்தக் கால் வயல் சேற்றில் இறங்க வேண்டாம்.