வாடகைச் சட்டத்தில் ஒரு திறந்த வாசல்

சென்னை நகரில் சொற்ப வருவாயுள்ள குடும்பஸ்தன் வாடகைக்கு வீடு தேடிப் படும் கஷ்டம் யாவரும் அறிந்ததே. மாத வாடகையைக் கொடுக்கச் சக்தியுள்ளவனையும் தெருவிலேயே நிறுத்திவிடுவது முன்பணம். பத்து மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது இந்நகரில் வெகுகால வழக்கம். வாடகை 15,000 ரூபாயானால் 1,50,000 ரூபாயை எண்ணி வைத்த பிறகே சாவி கைக்கு வரும்.

1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்றது. அதை மதித்தவர் சிலரே. அதற்குப் பதிலாக 2019-இல் அமலுக்கு வந்த சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக விதித்தது. ஆனால், இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தால் அவ்வரம்பு கட்டுப்படுத்தாது என்று அதே பிரிவில் வாசலையும் திறந்துவிட்டது! வீடின்றித் தவிப்பவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மாட்டான்? வீட்டுக்காரரின் நியாயமான பயத்துக்கு மூன்று மாத வாடகை போதும். சர்க்கார் அவ்வாசலை அடைப்பார்களாக.