பொறி மூச்சும் தன் மூச்சும்

1952ஆம் ஆண்டின் கோடையிறுதியில், டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவிற்று. நோயுற்றோர் பலருக்கு மூச்சிழுக்கும் தசைகளே செயலற்றுப் போயின. அங்குள்ள பிளெக்டம் மருத்துவமனையிலோ இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்பிற் பூட்டும் சிறு கருவிகள் ஆறுமே இருந்தன. அந்நிலையில் பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, மூச்சுக் குழலுள் ஒரு குழாயைச் செலுத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர், முறை வைத்து இரவும் பகலும் பைகளை அழுத்திப் பலரைக் காத்தனர். உங்களினும் சில ஆண்டே மூத்த இளைஞர் அவர்கள்! அக்கைகளின் வேலையை இன்று மூச்சுப் பொறி செய்கின்றது.

பொறியைப் பூட்டுதலினும் அதனைக் கழற்றுதல் அரிது. பொறி காற்றை உள்ளே தள்ளுங்கால், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே அமைந்த உதரவிதானம் என்னும் தசை வேலையின்றிக் கிடக்கும். சில நாளிலேயே மெலியத் தொடங்கும். குழாயின் வழியே நோய்க் கிருமிகளும் நுரையீரலுட் புகும். ஆதலின் காலந்தாழ்த்தல் ஆகாது. விரைந்து கழற்றிவிடலாமோ எனின், அதுவும் தீங்கே. நோயாளி மூச்சுத் திணறினால் குழாயை மீண்டும் செலுத்த நேரும். அவ்வாறு நேர்ந்தோருள் இறப்போர் மிகுதி.

எனவே மருத்துவர் முதலில் ஒரு சோதனை நிகழ்த்துவர். குழாயை எடுக்காமலே பொறியின் துணையை மிகக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தானே மூச்சுவிடச் செய்வர். மூச்சின் எண்ணிக்கை, நாடித் துடிப்பு, குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு ஆகியவற்றை நோக்குவர். இவை யாவும் செவ்வையாக இருந்தும், குழாய் நீங்கிய பின்னர் இடர்ப்படுவோர் உளர். காரணம் யாது? பொறியின் காற்றழுத்தம் நுரையீரலின் சிற்றறைகளை விரித்து வைத்திருந்தது. அது நீங்கியதும் அவற்றுட் சில மூடிக்கொள்ளும். இதயம் வலுவற்றதாயின், மிகுந்து திரும்பும் குருதியைத் தாங்கமாட்டாது. நுரையீரலில் நீர் கசியும். இம்மாற்றங்கள் புறக்குறிகளில் உடனே தோன்றுவதில்லை.

செவிக்குப் புலப்படாத மீயொலியை உடலுட் செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்கும் கருவியை நீங்கள் அறிவீர்கள். காற்று மீயொலியைப் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடும். ஆதலால், காற்று நிறைந்த நுரையீரலை அதனாற் காணவியலாது என்றே மருத்துவர் நெடுங்காலம் கருதினர். பிரான்சு நாட்டு மருத்துவர் டானியல் லிக்டென்ஸ்டைன், 1990ஐ அடுத்த ஆண்டுகளில் அவ்வெதிரொலிகளையே ஊன்றி ஆராய்ந்தார். நுரையீரல் தெரியவில்லை என்பது மெய்யே. ஆயின், தெரியாத விதத்திலும் வேறுபாடு உண்டன்றோ? நல்ல நுரையீரலில் ஏணிப்படிகள் போலக் கிடைக்கோடுகள் சம இடைவெளியில் தோன்றும். நீர் கோத்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒளிக்கற்றை போன்ற செங்குத்துக் கோடுகள் தோன்றும். நீர் மிகுந்தோறும் அவையும் மிகும். காற்று முற்றும் நீங்கிய பகுதியோ கல்லீரலைப் போலத் திண்ணிதாகத் தெரியும். எக்ஸ் கதிர்ப் படமும் உண்டு. எனினும் சோதனை நடக்கும்போதே, படுக்கையருகில், மீண்டும் மீண்டும் பார்த்தற்கு மீயொலியே ஏற்றது.

மார்பை 12 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் இடுவர். எங்கும் காற்று நிறைந்திருப்பின் கூட்டுத்தொகை 0. எங்குமே காற்றில்லையாயின் 36. பிரான்சில் நிகழ்ந்து 2012இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சோதனையின் முடிவில் 13க்குக் குறைந்த எண் பெற்றோர்க்கு இடர் அரிதாகவே நேர்ந்தது. 17க்கு மேற்பட்டோர்க்கோ பெரிதும் நேர்ந்தது. இடைப்பட்டோர் திறத்தில் எண் மட்டும் போதாது. மருத்துவரின் பட்டறிவே துணை. உதரவிதானம் எவ்வளவு இறங்கி ஏறுகின்றது என்பதையும் அதே கருவியால் அளப்பர்.

எண் மிகுந்திருப்பின், குழாயை எடுக்க விரையார். நீர் கோத்திருந்தால், சிறுநீரைப் பெருக்கும் மருந்து அளிப்பர். சிற்றறைகள் மூடியிருந்தால், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தும் சளியை அகற்றியும் அவற்றைத் திறக்க முயல்வர். மறுநாள் அந்த 12 இடங்களிலும் கருவியை வைத்து, மீண்டும் எண்ணிப் பார்ப்பர்.