வரிச் சலுகையும் வேலை நீக்கமும்

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து கிரீன்வில் நகரில் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவக் கல்வி நிலையம் இருக்கிறது. கறுப்பரும் வெள்ளையரும் காதலிக்கவோ மணந்துகொள்ளவோ கூடாதென்று அங்கே விதி வைத்திருந்தார்கள். வேதமே அப்படிச் சொல்கிறது என்பது நிர்வாகத்தின் வாதம். வரி இலாகா சலுகையை ரத்து செய்தது. 1983-ல் உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கமாக, இலாகா செய்தது சரியே என்றது. அந்த விதி போனது என்னவோ 2000-ல்தான்! சலுகையும் 2017-ல் திரும்பி வந்துவிட்டது.

மதம் பார்த்து ஆளை நீக்கினால் சங்கதி வேறு. 1964-ம் வருட சிவில் உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் மத நிறுவனங்களுக்கும் மதக் கல்லூரிகளுக்கும் விலக்கு உண்டு. பல்கலைக்கழகமும் நடத்துகிற மார்மன் சபைக்கு சால்ட் லேக் நகரில் ஓர் உடற்பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே 16 வருடம் கட்டடப் பராமரிப்பு பார்த்த ஊழியர், ஆலயத்துக்குள் நுழையும் தகுதிச் சான்று இல்லையென்று 1981-ல் வேலையிழந்தார். 1987-ல் உச்ச நீதிமன்றம் சபையின் பக்கமே தீர்ப்பளித்தது.

வேதம் கற்பிக்கும் பேராசிரியர் அந்த மதத்தவராக இருக்கட்டும், நியாயம். கட்டடம் பார்த்துக்கொள்பவருக்கு எதற்குச் சான்று? அவருடைய வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். நிறுவனமோ வருமான வரி கட்டுவதில்லை. அதற்கு நன்கொடை தருகிற பணக்காரரும் அந்தத் தொகையைத் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் குறைகிற வரியின் பாரத்தில், வேலையிழந்த அந்த ஊழியரின் பங்கும் இருக்கிறது.